வழித்துவிட்ட களிமண்

ஃபோர்மியா,
9 மே 1988

அன்புள்ள அண்ணன் நிக்காந்த்ரோவுக்கு,

தம்பி கொர்ராதோ எழுதுவது. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. குதிகால் மட்டும் என்னோடு ஒத்துப்போகாமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. நீயும் அசுந்தா அண்ணியும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்பில் பேனாவை எடுத்திருக்கிறேன். தொலைபேசியில் பேசலாம்தான். ஆனால் அது கூடத்தில் இருக்கிறது. நீ வாயைத் திறப்பதற்குள் அம்மா பக்கத்தில் வந்து நின்று, "என்னவாம்? சாப்பிட்டானாமா?" என்பாள்.

சங்கதி என்னவென்றால், சியோல் ஒலிம்பிக்குக்கு மும்முறைத் தாண்டலில் நம் நாட்டிலிருந்து ஒருவனைத்தான் அனுப்பப் போகிறார்கள். நான், இல்லாவிட்டால் அந்த வடக்கத்திக்காரன் பிராந்தோலின். தகுதித் தூரத்தை இருவருமே இன்னும் தாண்டவில்லை. கடைசி வாய்ப்பு ஜூலையில், எங்கே தெரியுமா? நம் கம்போபாசோவில்! புதுச் சிவப்பு ஓடுதளத்தைத் திறந்து வைக்கப் பெரிய போட்டியாக நடத்துகிறார்களாம். பிறந்த ஊரில் தாண்டி ஒலிம்பிக் போவது என்றால் சும்மாவா?

என் கதை உனக்குத் தெரியும். மாஸ்கோவுக்கு என்னைப் போன்ற சீருடைக்காரர்கள் போகக்கூடாது என்று அரசாங்கமே மறித்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் சமயத்தில் குதிகால் காலை வாரிவிட்டது. ஐரோப்பிய உள்ளரங்கில் வாங்கிய ஒரு வெண்கலத்தை அம்மா மாதா படத்துக்கு மாட்டிவிட்டாள். எனக்கு முப்பத்தொன்று ஆகிறது. இது போனால் அடுத்தது இல்லை. சுங்கப் படையில் என்னை வைத்திருப்பதே தாண்டுவதற்காகத்தான். தாண்டாதவனுக்கு எல்லைச் சாவடியும் தொப்பியும்தான்.

மிதித்து எழும்பும் பலகையில் நடுவராக நீதான் உட்காருவாய் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அதில் பயம் இல்லை, தைரியம்தான். உன் கண்ணைவிட நல்ல கண் அந்த மாகாணத்தில் எவனுக்கு இருக்கிறது?

அம்மாவின் கைக்கு முத்தம். அண்ணிக்கு என் அன்பு.

உன் தம்பி,
கொர்ராதோ


கம்போபாசோ,
6 ஜூன் 1988

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. தபால் அலுவலகத்தில் வேலை பார்ப்பதில் இந்த ஒரு லாபம் உண்டு, என் கடிதத்தை நானே முத்திரை குத்தி நானே எடுத்துக்கொள்ளலாம். இங்கே எல்லோரும் நடமாட்டமாக இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்திருக்கிறது. நேற்று ஊர்வலத்தில் பிள்ளைகளை இரும்புக் கம்பியில் கட்டித் தேவதைகளாகத் தூக்கிப் போனோம். இந்த வருடமும் தோள் கொடுத்தேன். உன்னைத் தூக்கிய வருடம் நீ மேலிருந்து என் தலையில் வாந்தி எடுத்தாயே, அதைச் சொல்லி அம்மா இன்னும் சிரிக்கிறாள்.

பலகையில் நான்தான். நடுவர் குழுத் தலைவர் கூப்பிட்டு, "சொந்தத் தம்பி தாண்டுறான், நீங்க வேணும்னா மணல் பக்கம் போயிடுங்களேன்" என்றார். முடியாது என்றுவிட்டேன். இருபது வருடமாகப் பலகையைப் பார்த்த கண்ணுக்கு ஒரு நாள் விடுமுறையா?

ஊர் வாய்தான் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. துவிலியோவின் காப்பிக் கடையில் நுழைந்தாலே ஆரம்பித்துவிடுகிறார்கள். "நிக்காந்த்ரோ, வெள்ளைக் கொடியைத் தோய்ச்சு இஸ்திரி போட்டாச்சா?" என்கிறான் ஒருவன். "தம்பி மணல்ல இருந்து ஓடிவந்து பலகைல விழுந்தாக்கூட அண்ணன் 'சரி'ன்னு வெள்ளைதான் காட்டுவாரு" என்கிறான் துவிலியோ. எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துவிட்டு வருகிறேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு சோறு இறங்குவதில்லை.

நீ உன் காலைப் பார். நான் பலகையைப் பார்க்கிறேன்.

அண்ணன்,
நிக்காந்த்ரோ


ஃபோர்மியா,
20 ஜூலை 1988

அண்ணா,

சுகம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை, மன்னித்துக்கொள். அம்மா விருந்து சமைத்து வைத்திருந்தாள் என்று தெரியும். அன்றைக்கு உன்னோடு ஒரே மேசையில் உட்கார என்னால் முடியவில்லை. அதனால்தான் அப்படியே பேருந்து ஏறிவிட்டேன்.

நடந்ததை நான் பார்த்தபடி எழுதுகிறேன். என் கடைசித் தாண்டல். ஓடி வந்து பலகையை மிதித்தபோதே, முனைக்கு இந்தப் பக்கம்தான் கால் விழுந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மணலில் விழுந்ததும் மைதானமே எழுந்து நின்றது. தகுதித் தூரத்துக்கு நட்டிருந்த சின்னக் கொடியை நான் நன்றாகத் தாண்டி விழுந்திருந்தேன். சிரித்துக்கொண்டே திரும்பினேன். உன் கையில் சிவப்புக் கொடி. ஃபவுல்.

ஓடி வந்தேன். பலகையை ஒட்டியிருக்கும் களிமண் பட்டையில் பெருவிரல் பட்ட தடம் இருந்தால் ஒப்புக்கொண்டு போயிருப்பேன். நீ குனிந்து வழித்து முடித்துவிட்டாய்.

"அண்ணா, காட்டு."

"வழிச்சாச்சு."

"ஏன் வழிச்சே?"

"அடுத்தவன் காத்திருக்கான். தள்ளுடா."

இவ்வளவுதான் நாம் பேசியது. களிமண் போன பிறகு முறையீடு எதைக் காட்டிச் செய்வது? அதற்குள் மணலையும் வாரிச் சமப்படுத்திவிட்டார்கள்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். இருபது வருடமாக நீ என்ன செய்வாய்? ஃபவுல் என்றால் தாண்டினவனைக் கைதட்டிக் கூப்பிடுவாய். "வா ராஜா, உன் பெருவிரல் எழுதினதைப் படி" என்பாய். எதிரி ஊர்ப் பையன்களுக்கும் காட்டுவாய். அவன் பார்த்துத் தலையாட்டின பிறகுதான் வழிப்பாய். உன்னை எல்லோரும் மதிப்பதே அதற்காகத்தான். உன் சொந்தத் தம்பிக்கு மட்டும் ஏன் காட்டவில்லை?

தடம் இருந்ததா, இல்லையா? இருந்தது என்று ஒரு வார்த்தை எழுது. நம்பிவிடுகிறேன். சத்தியமாக நம்பிவிடுகிறேன்.

கொர்ராதோ


கம்போபாசோ,
29 ஆகஸ்ட் 1988

அன்புத் தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. விடுமுறைக் காலம், ஊரில் பாதிப்பேர் கடற்கரையில். பாக்கிப்பேரின் தபாலை நான் ஒருவனே பார்க்க வேண்டியிருக்கிறது. அம்மா நலம். முழங்காலுக்குப் புது மருந்து கொடுத்திருக்கிறார்கள். தக்காளி நிறைய வந்து, அண்ணியும் அம்மாவும் ஒரு வாரம் காய்ச்சிப் புட்டிகளில் அடைத்தார்கள். உனக்கென்று ஒரு பெட்டி தனியாக வைத்திருக்கிறாள் அம்மா.

நீ படித்திருப்பாய், மாகாணப் பத்திரிகையில் என்னைப் பற்றி எழுதிவிட்டார்கள். 'தம்பிக்கே சிவப்புக் கொடி காட்டிய நடுவர்' என்று தலைப்பு. நான் கேட்டுக்கொண்டதல்ல. பாதிரியார் பிரசங்கத்தில்கூடச் சொன்னார். துவிலியோ என்னிடம் காப்பிக்குக் காசு வாங்குவதில்லை.

போட்டி என்றால் விதி ஒன்றுதான், அண்ணன் தம்பி கிடையாது. அது உனக்கும் தெரியும். உடம்பைப் பார்த்துக்கொள். குதிகாலுக்கு உப்பு ஒத்தடம் கொடு.

அண்ணன்,
நிக்காந்த்ரோ


ஃபோர்மியா,
3 அக்டோபர் 1988

அண்ணா,

தக்காளி பற்றித் தெரிந்துகொண்டேன், சந்தோஷம். முழங்கால் பற்றியும் தெரிந்துகொண்டேன். நான் கேட்டதை மட்டும் தேடித் தேடிப் பார்த்தேன், உறைக்குள்ளேகூடப் பார்த்தேன், காணவில்லை.

சியோலில் பிராந்தோலின் தாண்டியதை இங்கே முகாம் தொலைக்காட்சியில் எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தோம். இறுதிச் சுற்றுக்குக்கூட வரவில்லை. பக்கத்தில் இருந்த சுத்தியல் எறிகிறவன் என் தோளைத் தட்டி, "நீ போயிருந்தா?" என்றான். நான் எழுந்து குளிக்கப் போய்விட்டேன். காலை எட்டு மணிக்கு எவன் குளிப்பான் என்று யாரும் கேட்கவில்லை, நல்லவர்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள். உன் கொடியை நான் நம்பத் தொடங்கிவிட்டேன். என் கால் பொய் சொல்லியிருக்கும் என்று நினைத்து, ஓடத் தொடங்கும் அடையாளத்தைப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன். இத்தனை வருடம் கண்ணை மூடிக்கொண்டு ஓடிய ஓட்டம் அது. இப்போது பலகைக்கு எட்டாமல் முன்னதாகவே கால் விழுகிறது. எட்டுவதற்காகக் கடைசி அடியை இழுத்துப் போடுகிறேன். அந்த இழுப்பு முழுதும் குதிகாலில் இறங்குகிறது. பயிற்சியாளர், "உனக்கு என்னடா ஆச்சு, பலகையைப் பார்த்துப் பயப்படறே?" என்கிறார். பலகையைப் பார்த்து அல்ல என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

திரும்பவும் கேட்கிறேன். தடம் இருந்ததா?

கொர்ராதோ


கம்போபாசோ,
11 டிசம்பர் 1988

என் கண்ணு கொர்ராதோ,

அம்மா சொல்லச் சொல்ல அசுந்தா எழுதறா. நான் சொல்றத அப்படியே எழுதணும்னு சொல்லியிருக்கேன், மாத்தி எழுதினா எனக்குத் தெரிஞ்சுடும். பொங்கிச் சாப்பிடறியா, இல்ல அந்த முகாம்காரன் போடற பசைதானா? காச்சோகவாலோ பாலாடைக்கட்டி ரெண்டு உருண்டை அனுப்பியிருக்கேன், கயித்துல தொங்கவிடு, பெட்டில போட்டு வைக்காதே, வேர்த்துடும்.

நீ ஜூலைல வந்துட்டு வாசப்படிகூட மிதிக்காம போனே. நான் எட்டுப் பேருக்குச் சமைச்சேன். மூணு பேரு பேசாம சாப்பிட்டோம். உன் அண்ணன் தட்டையே பாத்துக்கிட்டிருந்தான்.

அவனுக்கு நடுவர் சங்கத்துல கேடயம் குடுத்தாங்க. நேர்மைக்காம். பெரிய மேடை, மேயரு, பூச்செண்டு. வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரிக்குப் பின்னால சுவரு பக்கமா திருப்பி வெச்சிருக்கான். "ஏன்டா, உன் தம்பியோட மெடலை மாதா பக்கத்துல மாட்டியிருக்கேன், இதையும் அங்க வைக்கட்டுமா?"ன்னு கேட்டேன். "தொடாதீங்க"ன்னு கத்தினான். நாப்பது வயசுக்காரன் அம்மாகிட்ட கத்தறான்.

உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன போச்சுன்னு எனக்குத் தெரியாது. அந்தக் கொடிக் கதை எனக்குப் புரியறதில்ல. ஒரே தட்டுல சாப்பிட்டு வளந்தவங்க நீங்க. கிறிஸ்துமஸுக்கு வா. வரமாட்டேன்னு மட்டும் எழுதாதே.

(அண்ணி எழுதுவது: வாங்க கொர்ராதோ. அவர் ராத்திரியெல்லாம் தூங்குவதில்லை. என்னிடமும் எதுவும் சொல்வதில்லை.)

அம்மா


ஃபோர்மியா,
20 பிப்ரவரி 1989

அண்ணா,

கிறிஸ்துமஸுக்கு நான் வராததற்கு அம்மாவிடம் ஏதாவது சொல்லிக்கொள். நல்ல பொய்யாகச் சொல். உனக்கு வராததில்லை.

தளபதி கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். "கொர்ராதோ, நீங்க எங்களுக்குப் பெருமை சேர்த்தவர். ஆனா அணியில இடம் கம்மி. இந்தக் கோடைல ஐரோப்பியக் கோப்பை அணிக்குள்ள வந்துட்டீங்கன்னா இன்னும் ரெண்டு வருஷம் வெச்சுக்கறோம். இல்லேன்னா பிரென்னர் சாவடியில ஆள் தேவைப்படுது" என்றார். ஆஸ்திரிய எல்லை. பனியில் நின்று லாரிகளுக்கு முத்திரை குத்தலாம். அண்ணனும் தம்பியும் ஒரே தொழில்.

குதிகாலுக்கு ஊசி போட்டிருக்கிறார்கள். ஏப்ரலில் ஓடலாமாம்.

கேள்வியை இந்த முறை எழுதவில்லை. உனக்கு மனப்பாடமாகியிருக்கும்.

கொர்ராதோ


கம்போபாசோ,
14 மே 1989

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். இங்கே எல்லோரும் இருக்கிறோம். அம்மாவுக்கு இப்போது கைத்தடி தேவைப்படுகிறது. ஆனால் அதை நடப்பதற்கு வைத்துக்கொள்ளாமல் கோழிகளை விரட்டத்தான் வைத்திருக்கிறாள்.

ஜூன் கடைசியில் இங்கே போட்டி இருக்கிறது. அணிக்கு ஆள் எடுப்பதற்கு முன்னால் நடக்கும் கடைசிப் போட்டி. நீ வேறெங்கும் போகாதே, இங்கே வந்து தாண்டு. தளம் இந்த வருடம் நன்றாக இறுகி வேகம் கொடுக்கிறது. மாலையில் மலைப் பக்கமிருந்து காற்று முதுகில் தள்ளும், விதிக்கு உட்பட்ட அளவில்தான். நான் தினமும் போய்ப் பார்க்கிறேன்.

பலகையில் நான்தான் இருப்பேன். கேட்டு வாங்கியிருக்கிறேன்.

பிராந்தோலின் வருகிறானா என்று கவலைப்படாதே. பலகையைப் பற்றியும் கவலைப்படாதே. நீ ஓடிவந்து தாண்டு, அவ்வளவுதான். இந்த ஒரு தடவை அண்ணன் சொல்வதைக் கேள். கட்டாயம் வா.

உன் அண்ணன்,
நிக்காந்த்ரோ


பிரென்னர்,
17 செப்டம்பர் 1989

அண்ணா,

இங்கே இப்போதே குளிர் தொடங்கிவிட்டது. தொப்பி எனக்குப் பொருத்தமாக இருக்கிறது என்கிறார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை, நின்றுகொண்டே இருப்பதால் குதிகாலும் சமாதானமாகிவிட்டது. அம்மா எப்படியிருக்கிறாள் என்று அண்ணியை எழுதச் சொல். நீ எழுத வேண்டாம்.

ஜூனில் நடந்ததை நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன், மைதானமே பார்த்தது. ஆனாலும் எழுதுகிறேன், நாளைக்கு நீ வேறுமாதிரி ஞாபகம் வைத்துக்கொள்ளக் கூடாது.

அடையாளத்தைப் பழைய இடத்திலேயே வைத்து ஓடினேன். குதிகால் பழையதாக இல்லை. கடைசி அடி தப்பியது. களிமண்ணில் பாதி ஷூ புதைந்தது என்று காலிலேயே தெரிந்தது. அத்தனை ஆணிகளும் அதில் இறங்கின. குருடனுக்கும் தெரியும் ஃபவுல். பாதியில் நிறுத்த முடியாமல் தாண்டி முடித்தேன். நன்றாகத்தான் போயிருந்தேன், பலகைக்கு அந்தப் பக்கமிருந்து கிளம்பினால் யார்தான் நன்றாகப் போகமாட்டார்கள்? மணலைத் தட்டிக்கொண்டு திரும்பினேன்.

உன் கையில் வெள்ளைக் கொடி.

அந்த வெள்ளையைப் பார்த்த கணத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஒரு வருடமாக நான் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்ட கேள்விக்குப் பதிலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாய். போன வருடம் களிமண்ணில் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் இந்த வெள்ளை எதற்கு? தடம் பார்த்துச் சிவப்பு காட்டினவன், இவ்வளவு பெரிய தடத்துக்கு வெள்ளை காட்டுவானா? காப்பிக் கடையில் நாலு பேர் சிரிப்பார்கள் என்பதற்காக அன்றைக்கு என்னைத் தூக்கிக் கொடுத்தாய். சுத்தமான களிமண்ணை வழித்தாய், அண்ணா. வழிக்க அதில் ஒன்றுமே இல்லை.

அளக்கிற ஆள் மணலில் ஊசியைக் குத்திவிட்டார். நீ களிமண் வழிக்கும் கரண்டியை எடுத்துக் குனிந்தாய். நான் ஓடிவந்து உன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அண்ணா, அதைக் கீழ வை."

"விடுடா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்னுதான் பிடிச்சிருக்கேன்."

"கொர்ராதோ... இது உனக்குச் சேர வேண்டியதுடா. வாங்கிட்டுப் போயிடு. உன் காலைப் பிடிக்கறேன்."

உன் கண்ணில் தண்ணீர் நின்றது. அப்போதுதான் நடுவர் குழுத் தலைவரைக் கைதட்டிக் கூப்பிட்டேன். உன் பக்கம் திரும்பி உன் வார்த்தையையே சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? "வா ராஜா, என் பெருவிரல் எழுதினதைப் படி."

தலைவர் குனிந்து பார்த்தார். உன்னைப் பார்த்தார். கொடி சிவப்பாகியது. என் கதை அதோடு முடிந்தது.

நான் செய்தது நேர்மை என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். அண்ணியும் அப்படித்தான் எழுதியிருந்தாள், பத்திரிகையில் படித்து அழுதாளாம். உன்னிடமாவது உண்மையைச் சொல்கிறேன். நேர்மையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்தத் தூரம் எனக்கு வேண்டியிருந்தது. அணி வேண்டியிருந்தது. இன்னும் இரண்டு கோடைகள் ஓட வேண்டும் என்று உயிர் துடித்தது. கையை நீட்டினால் கிடைத்திருக்கும். ஆனால் அதை நான் வாங்கிக்கொண்டிருந்தால், அன்று எடுத்ததை இன்று கொடுத்துவிட்டோம், சரியாகப் போயிற்று என்று நீ வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பாய். அந்தத் தூக்கத்தை உனக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்காகத்தான் என் வாழ்க்கையின் கடைசித் தாண்டலை நானே ஃபவுல் ஆக்கினேன்.

வேடிக்கை என்னவென்றால் ஊர் இப்போது என்னையும் புகழ்கிறதாம். அண்ணன் ஏதோ கண் அசந்துவிட்டார், தம்பியே வந்து திருத்தினான், என்ன குடும்பம் அது என்கிறார்களாம். நம் இருவர் படத்தையும் துவிலியோ காப்பி இயந்திரத்துக்கு மேலே பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறானாம். மாட்டட்டும். நீ தினமும் அங்கேதான் காப்பி குடிப்பாய். நிமிர்ந்து பார்த்துக்கொண்டே குடி.

லாரி வந்து நிற்கிறது. போக வேண்டும். அம்மாவின் கைக்கு என் முத்தம்.

வேறு எப்படி முடிப்பது என்று தெரியாததால்,
உன் தம்பி,
கொர்ராதோ